பசித்தவளின் இழை

சாந்த்ராகாச்சி யார்டில் சரக்கு வண்டிகளின் சக்கரத்தையும் பிரேக்கையும் சோதிக்கும் பிரிவில் எஞ்சினியராக இருந்த ராகவனுக்குச் சிலந்தி என்றால் ஆகாது. பயம் என்று ஒப்புக்கொள்ள மாட்டான், அருவருப்பு என்பான். குளியலறைச் சுவரில் ஒன்று உட்கார்ந்திருந்தால் வாளியைப் போட்டது போட்டபடி வெளியே வந்துவிடுவான்.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்தவள் சங்கவி. பையனுக்குக் கொல்கத்தாவில் ரயில்வே வேலை, பெண் கொல்கத்தாவிலேயே ஆராய்ச்சி செய்கிறாள், இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும் என்று இரண்டு வீட்டிலும் பேசி, தஞ்சாவூரில் அவள் வீட்டு மாடியில் இருவரையும் தனியாகப் பேச விட்டார்கள். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"நான் சிலந்தியைப் பத்தித்தான் பிஎச்.டி. பண்றேன். கல்யாணத்துக்கப்புறமும் விடமாட்டேன். சில சமயம் வீட்டுக்கும் எடுத்துட்டு வருவேன்."

ராகவன், "டப்பாவுக்கு மூடி இருக்கும்ல?" என்று கேட்டான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே அவன் மனசு முடிவாகிவிட்டது.

கல்யாணமாகி, சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் குடித்தனம் வைத்து, முதல் வருஷம் முழுக்க அவன் அவளுடைய ஆய்வகத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பாலிகஞ்ச்சில் ஒரு பழைய ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாவது மாடியில் அது இருந்தது. ஒரு சனிக்கிழமை, இருவரும் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போக வேண்டியிருந்தது. நிலையத்தின் வாசலில் அவளுக்காகக் காத்திருந்தவன், நேரம் போய்க்கொண்டே இருந்ததால் வேறு வழியில்லாமல் மாடி ஏறினான்.

சங்கவி ஒரு கண்ணாடித் தட்டின் மேல் குனிந்திருந்தாள். நிமிராமலேயே, "சத்தம் போடாம வாங்க. இப்பத்தான் விட்டேன்" என்றாள்.

தட்டில் வட்டமாக வெட்டிய ஒரு வெள்ளைத் தாள். அதன் ஓரத்தில் ஒரு சிலந்தி. துவரம்பருப்பு அளவுகூட இருக்காது. வயலில் தரையோடு தரையாக ஓடி வேட்டையாடும் ஜாதி. இதற்கு வலை கட்டத் தெரியாது என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். அது தாளில் ஒரு காலை வைத்தது. நின்றது. இன்னொரு காலை வைத்தது. வாயருகே இருந்த இரண்டு குட்டிக் கைகளால் தாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. பிறகு, கறுத்த அந்த இரண்டு கைகளையும் மாற்றி மாற்றித் தூக்கி ஆட்ட ஆரம்பித்தது. உடம்பு முழுக்க அதிர்ந்தது. கொஞ்சம் நகரும், நிற்கும், மறுபடியும் ஆட்டும்.

ராகவனுக்கு அருவருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. "தாள்ல ஒண்ணுமே இல்லையே. யாருக்கு ஆடுது?" என்று கிசுகிசுத்தான்.

"காலையில ஒரு பொண்ணு இந்தத் தாள்ல நடந்தா. நடக்குற இடமெல்லாம் ஒரு இழை விட்டுட்டே போவா. நம்ம கண்ணுக்குத் தெரியாது. அந்த இழையில அவ வாசனை இருக்கு. இவன் கால்லயும் கையிலயும் இருக்கிற மயிராலதான் மோந்து பாப்பான். தன் ஜாதிதானா, ஏற்கெனவே ஜோடி சேந்தவளா, எல்லாம் அதுலயே தெரிஞ்சுடும்."

"ஆளைப் பாக்காமலேயேவா?"

"பாக்குற வரைக்கும் காத்திருந்தா சில சமயம் உயிரே போயிடும். பசியில இருக்கிறவ மாப்பிள்ளைன்னு பாக்க மாட்டா, புடிச்சுத் தின்னுடுவா. அதனால அவ என்ன சாப்பிட்டா, எவ்வளவு சாப்பிட்டான்னு அந்த வாசனையிலயே இவன் கண்டுபுடிக்கிறானா? அதுதான் என் கேள்வி."

வரவேற்புக்குப் பந்தி முடிகிற நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தார்கள். எதிர் இலைக்காரரிடம் ராகவன் அந்தச் சிலந்தியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் துர்கா பூஜை விடுமுறையில் ஒரு சங்கடம் நேர்ந்தது. சிலந்திகளுக்குத் தீனி பழ ஈ. அந்த ஈக்களைப் போத்தல்களில் வளர்க்க வேண்டும். அதற்கு மக்காச்சோள மாவும் வெல்லமும் கலந்து ஒரு கூழ் காய்ச்சுவார்கள். விடுமுறையில் மின்சாரம் போய், ஈரம் ஏறி, இருந்த மாவு மூட்டை முழுக்கப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. பூஜைக் கூட்டத்தில் ஊரே பந்தல் பந்தலாகச் சுற்றிக்கொண்டிருந்தது; சாமான் கொடுக்கும் கம்பெனி ஒரு வாரம் திறக்காது. சங்கவி ஒன்றும் தோன்றாமல் லேக் மார்க்கெட்டுக்கு நடந்தாள். அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்த வேதாச்சலத்திடம் வாரா வாரம் இட்லி மாவு வாங்குவது வழக்கம்.

"என்னம்மா, இவ்ளோ மாவு? வீட்டுல விசேஷமா?" என்றார் வேதாச்சலம்.

"ஈக்குங்க" என்றாள் சங்கவி. அவர் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு எடை போட்டார்.

புளித்த இட்லி மாவில் ஈக்கள் கொழித்தன. உளுந்தின் சத்து அவற்றில் ஏறி, அவற்றைத் தின்ற சிலந்திப் பெண்களிடமும் ஏறியது. மக்காச்சோள ஈ தின்று வளர்ந்தவர்களைவிட இவர்கள் சட்டை உரிப்பதும் சீக்கிரம், உருவமும் பெரிது. சங்கவி உடனே விஷயத்தைப் பிடித்துக்கொண்டாள். சிலருக்கு இட்லி மாவு ஈ, சிலருக்குப் பழைய மக்காச்சோள ஈ, இன்னும் சிலரைப் பட்டினி என்று மூன்று பிரிவாக்கி, ஒவ்வொருத்தியையும் தாளில் நடக்கவிட்டு, ஆண்களை விட்டுப் பார்த்தாள். மாவு ஈ தின்றவளின் தாளில் ஆண்கள் நின்ற நேரம் மற்ற இரண்டையும் போல் பல மடங்கு.

அவளுக்கு வழிகாட்டியான மித்ரா மேடம், எதையும் எளிதில் பாராட்டாதவர், வரைபடத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து அவளைக் கட்டிக்கொண்டார். பிப்ரவரியில் சால்ட் லேக்கில் நடக்க இருந்த பெரிய கருத்தரங்கில் சங்கவி பேச வேண்டும் என்று அன்றைக்கே எழுதி அனுப்பினார். ஜெர்மனியிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார். அவரிடம் ஓர் ஆராய்ச்சி இடம் காலியாக இருக்கிறது, இந்தப் பேச்சைக் கேட்டால் பிஎச்.டி. முடித்ததும் அதற்கு இவளையே கூப்பிடுவார் என்றும் சொன்னார்.

கொண்டாட்டமாக லேக் மார்க்கெட் ஓட்டல் ஒன்றில் தோசை சாப்பிடப் போனார்கள். ராகவனும் சங்கவியும் கூடவே சஹானாவும். அவளும் அதே ஆய்வகத்தில் வண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். சால்ட் லேக் அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பெங்காலி சரளமாக வரும், தமிழ் திக்கித் திக்கித்தான் வரும்; அக்கா என்பதற்குப் பெங்காலி வழக்கப்படி பெயரோடு 'தி' சேர்த்துத்தான் சங்கவியைக் கூப்பிடுவாள்.

பாதி தோசையில் சஹானா கையை நிறுத்தினாள். "சங்கவிதி, ஒண்ணு கேக்கவா? கோபப்படக் கூடாது."

"கேளு."

"இந்த மாவு... ரொம்ப ஸ்ட்ராங் ஸ்மெல் இல்ல? உன் ஈ எல்லாம் அதுலதான் பொறந்துச்சு. ஈ மேல ஸ்மெல் இருக்கும். அதைச் சாப்பிட்ட பொண்ணு கால்ல ஒட்டும். அவ நடந்தா பேப்பர்ல ஒட்டும். அப்போ ஆம்பளைங்க பொண்ணுக்காக நிக்குதா, இல்ல, இங்க சாப்பாடு இருக்குன்னு நிக்குதா? உனக்கு எப்படித் தெரியும்?"

சங்கவி தோசையை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். சஹானா பயந்துபோய், "சாரி, சங்கவிதி. நான் சும்மாத்தான் சொன்னேன்" என்று ராகவன் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சும்மா சொல்லலை நீ" என்றாள் சங்கவி. "சரியாத்தான் சொன்னே."

பஸ் இரண்டாவது ஹூக்ளி பாலத்தில் ஏறியபோதுதான் மறுபடியும் வாயைத் திறந்தாள். "வெறும் ஈயை மட்டும் தாள்ல நடக்க விட்டுப் பாத்திருக்கணும். எப்படி விட்டேன்னே தெரியலை."

ராகவனுக்கு அவள் முகம் அப்படிச் சுருங்கியதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "மேடமே கவனிக்கலை. அங்க வர்றவங்க மட்டும் இதைப் போய்க் கேக்கப் போறாங்களா? பேசிட்டு வந்து அப்புறமா நிதானமா சரி பாத்துக்கலாமே" என்றான்.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். "ஒரு வேகனோட சக்கரத்துல ஏதோ சரியில்லன்னு உங்களுக்குத் தோணுது. வண்டி கிளம்பப் போகுது. கரக்பூர் வரைக்கும் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு விடுவீங்களா?"

சந்தேகம் வந்த வேகன் எதுவானாலும், ஓட லாயக்கில்லை என்பதற்கு அடையாளமாக 'சிக்' என்று சாக்பீஸால் எழுதித் தனித் தடத்தில் தள்ளிவிடுகிறவன் என்று யார்டில் அவனுக்குப் பெயர். அதற்காக மேலதிகாரிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. பாலத்துக்குக் கீழே ஆற்றில் ஒரு படகு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் யார்டில் இருந்தபோது போன் வந்தது.

"நின்னுடுச்சுங்க" என்றாள்.

"எது?"

"ஆண். வெறும் மாவு ஈ நடந்த தாள். பொண்ணே இல்லை. ஆனா ஆணெல்லாம் அதுலயும் போய் நிக்குது."

ராகவன் மேற்பார்வையை உடன் வேலை செய்யும் பாபுவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினான். அவள் அழுதுகொண்டிருப்பாள், ஏதாவது சமாதானம் சொல்ல வேண்டும் என்று வழி நெடுக யோசித்துக்கொண்டே போனான். போய்ப் பார்த்தால் அவள் மித்ரா மேடத்தின் எதிரில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், அதில் ஒன்றும் கேவலமில்லை என்றார்.

"திரும்ப வாங்கிக்க வேண்டாம் மேடம். புதுசா செஞ்சு பாக்குறேன். ஒண்ணும் வரலைன்னா, ஒண்ணும் வரலைன்னே பேசுறேன்."

மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சரி, எப்படிச் செய்யப்போகிறாய், சொல்லு" என்று ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

வெளியே வந்ததும் சங்கவி ராகவனிடம் விளக்கினாள். தப்பு அளவுகோலில்தான். ஆண் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மட்டும் எண்ணியிருந்தாள். சாப்பாட்டு வாசனைக்கும் நிற்கும், பெண் வாசனைக்கும் நிற்கும்; நிற்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் சாப்பாட்டைப் பார்த்து எந்த ஆணாவது கையை ஆட்டிக் கூத்தாடுமா? எண்ண வேண்டியது ஆட்டத்தை. பழைய வீடியோக்கள் மேலிருந்து எடுத்தவை. அவற்றில் அந்தக் குட்டிக் கைகள் தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அதற்குப் புதிய சிலந்திகள் வேண்டும்.

"எங்க கிடைக்கும்?"

"வயல்ல. நீங்க லீவு போட முடியுமா?"

கானிங் போகும் லோக்கல் ரயிலில் ஏறி ஒரு சின்ன நிறுத்தத்தில் இறங்கினார்கள். நெல் அறுப்பு முடிந்திருந்தது. தாள்கட்டைகளுக்கு இடையில் பனியீரம் இன்னும் காயவில்லை. சங்கவி சுடிதாரைக் கணுக்கால் வரை சுருட்டிக்கொண்டு வரப்பில் மண்டியிட்டாள். வயலுக்குச் சொந்தக்காரப் பெண்மணி இடுப்பில் குழந்தையோடு வந்து, எதைத் தேடுகிறார்கள் என்று கேட்டாள். "மாகொர்ஷா" என்று சங்கவி சொன்னதும், சிலந்தியைத் தேடி ரயிலேறி வருகிறவர்களும் உண்டா என்று கணவனைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாள். இருந்தாலும் போகும்போது ஆளுக்கொரு கிண்ணம் பொரி கொண்டுவந்து கொடுத்தாள்.

ராகவன் முதலில் டப்பாவைக் கை நீட்டி எட்டத்திலிருந்தே கவிழ்த்தான். எல்லாம் தப்பித்து ஓடின. "கிட்ட உக்காருங்க. அது உங்களைத் துரத்தாது" என்றாள் சங்கவி. உட்கார்ந்தான். ஈர மண்ணில் ஒன்று ஓடி வந்து அவன் மணிக்கட்டில் ஏறி நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டான். அது கனமே இல்லாமல் இருந்தது. வெயிலில் அதன் முகத்தில் வரிசையாகக் கண்கள் மின்னின. அவற்றில் பெரிய இரண்டு அவனையே பார்ப்பதுபோல் இருந்தன.

"அசையாதீங்க. முதுகைப் பாருங்க."

அப்போதுதான் தெரிந்தது. முதுகெல்லாம் குஞ்சுகள். ஒன்றன் மேல் ஒன்றாக, கடுகுக்கும் சிறிதாக, தாயின் மயிரைப் பிடித்துக்கொண்டு தொற்றியிருந்தன.

"இத்தனையையும் தூக்கிட்டா வேட்டைக்குப் போகுது?"

"ஆமா. அதுங்க தானா இறங்கிப் போற வரைக்கும் சுமப்பா. இவ நமக்கு வேண்டாம், விட்டுடுங்க. இன்னும் ஜோடி சேராத இளசுங்கதான் வேணும்."

ராகவன் கையை மண்ணோடு வைத்தான். தாய்ச் சிலந்தி அவசரப்படாமல் இறங்கித் தாள்கட்டைக்குள் போய் மறைந்தாள். அவன் அங்கேயே கொஞ்ச நேரம் குந்தியிருந்தான். மதியத்துக்குள் அவன் டப்பாக்கள் சங்கவியின் டப்பாக்களைவிட அதிகமாக நிறைந்துவிட்டன.

இந்தத் தடவை அவள் எந்தப் பக்கமும் ஓட்டை வைக்கவில்லை. முன்போலவே மூன்று பிரிவு. ஆனால் தாளில் நடக்கவிடுவதற்கு முன் ஒவ்வொரு பெண்ணையும் சுத்தமான புதுப் போத்தலுக்கு மாற்றினாள். மாவு ஈ தின்றவளுக்கும் மக்காச்சோள ஈ தின்றவளுக்கும் கடைசி வேளைச் சாப்பாடாக ஒரே மாதிரி ஈயைக் கொடுத்தாள். மாவு வாசனை ஒட்டியிருக்க வழியில்லை. வெறும் ஈ மட்டும் நடந்த தாள்களையும் கூடச் சேர்த்துக்கொண்டாள். எந்தத் தட்டில் எந்தத் தாள் என்பது சஹானாவுக்கு மட்டும் தெரியும். வீடியோவில் தெரியும்படி தட்டின் ஓரத்தில் அவள் வண்ணப் பொட்டு வைத்தாள், எந்த வண்ணம் எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை.

"நான் பாத்தா எனக்கு வேண்டியதுதான் கண்ணுல படும். இதைப் பத்தி எந்த ஆசையும் இல்லாத ஒரு ஆள் பாக்கணும்" என்று வீடியோக்களை ராகவனிடம் கொடுத்தாள். "கையை ஆட்டுதா, இல்லையா. அது மட்டும் சொன்னா போதும்." மேடத்தின் இன்னொரு மாணவர் வைத்தீஸ்வரனும் தனியாக அதையே பார்த்தார். இருவரும் ஒத்துப்போனால்தான் கணக்கில் சேரும்.

ஞாயிற்றுக்கிழமைகள் முழுக்க ராகவன் லேப்டாப் முன்னால் கழித்தான். கேமரா இப்போது பக்கவாட்டில் இருந்தது. கைகள் துல்லியமாகத் தெரிந்தன. பார்க்கப் பார்க்க ஒவ்வோர் ஆணுக்கும் ஒரு சுபாவம் இருப்பதுபோல் தோன்றியது. ஒருவன் தாளில் கால் பட்டதுமே ஆடுவான். இன்னொருவன் சுற்றிச் சுற்றி வந்து, தொட்டுத் தொட்டுப் பார்த்து, ஒரு முடிவுக்கு வந்தவன்போல் நடுவில் நின்று ஆட்டம் தொடங்குவான். சில தட்டுகளில் வேறு மாதிரி நடக்கும். ஓரத்தில் ஒரு காலை வைப்பான், வெந்நீரில் வைத்தவன்போல் வெடுக்கென்று இழுத்துக்கொள்வான். பிறகு தாளில் மிதிக்காமல், தட்டின் விளிம்போடு விளிம்பாக எதிர்ப்பக்கம் போய் நின்றுவிடுவான். முதல் தடவை அதைப் பார்த்தபோது ராகவன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தான். எவளையோ பார்த்து ஓடவில்லை அது. அவள் எப்போதோ போட்டுவிட்டுப் போன, கண்ணுக்கே தெரியாத ஓர் இழையைத் தொட்டுவிட்டு ஓடுகிறது. அதில் என்ன இருந்ததோ!

சமையலறையில் இருந்த சங்கவியைக் கூப்பிட்டுக் கேட்க வாய் வந்தது. கேட்கக் கூடாதென்று ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டான்.

ஜனவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் எல்லோரும் ஆய்வகத்தில் கூடினார்கள். மித்ரா மேடம் சுவரோரம் நின்றார். சங்கவி கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல் நுனிகள் வெளுத்திருந்ததை ராகவன் மட்டும் கவனித்தான்.

"முதல்ல நீலப் பொட்டு" என்றாள் சஹானா. "நீலத்துல எத்தனை ஆட்டம்?"

"ஒண்ணுகூட இல்ல" என்றான் ராகவன். வைத்தீஸ்வரனும் தலையாட்டினார். "நின்னுச்சு, தொட்டுப் பாத்துச்சு. ஆனா ஒண்ணுகூட ஆடலை."

சஹானா கண்ணை மூடித் திறந்தாள். "நீலம் வெறும் ஈ."

சங்கவி கட்டியிருந்த கைகளைப் பிரித்தாள்.

"மஞ்சள்?"

"நிறைய ஆடுச்சு. பாதிக்கு மேல."

"மஞ்சள், மாவு ஈ சாப்பிட்ட பொண்ணு. பச்சை?"

"பச்சையிலயும் ஆடுச்சு. ஆனா மஞ்சளை விடக் கம்மி."

"பச்சை, பழைய ஈ. சிவப்பு?"

ராகவனுக்குத் தட்டின் விளிம்போடு ஓடியவர்கள் நினைவுக்கு வந்தார்கள். "சிவப்புல ஏறக்குறைய யாருமே ஆடலை. பாதிப் பேர் தாள்ல ஏறவே இல்லை."

"சிவப்பு, பட்டினி."

மேடம் வந்து எண்களைப் பார்த்தார். பழைய வரைபடத்தில் இருந்த பிரம்மாண்டமான வித்தியாசம் இதில் இல்லை. மாவு ஈக்கும் பழைய ஈக்கும் நடுவில் இருந்தது சின்ன வித்தியாசம்தான். ஆனால் அசைக்க முடியாததாக இருந்தது. பசித்தவளின் எண்களோ தெள்ளத் தெளிவாக இருந்தன. "இது சின்னதுதான். ஆனால் இது உன்னுடையது" என்றார் மேடம் பெங்காலியில். சங்கவி எழுந்து போய் சஹானாவைக் கட்டிக்கொண்டாள். அவ்வளவு நாளும் கலங்காத கண்கள் அப்போதுதான் கலங்கின.

கருத்தரங்கு அரங்கின் கடைசி வரிசையில் ராகவன் உட்கார்ந்திருந்தான். புரியாத பேச்சுகள் பல முடிந்து சங்கவியின் முறை வந்தது. அரக்கு நிறப் பட்டுப் புடவையில், மைக்கின் உயரத்தைச் சரிசெய்துகொண்டு, முதல் படத்தைத் திரையில் போட்டாள். அது பழைய வரைபடம். அரங்கில் ஒரு சலசலப்பு எழுந்தது. அவ்வளவு பெரிய வித்தியாசம் எல்லோர் கண்ணையும் இழுத்தது.

"இது தப்பு" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். "எப்படித் தப்பு என்பதிலிருந்து தொடங்குகிறேன்."

சஹானா கேட்ட கேள்வியை அவள் பெயரோடு சொன்னாள். இட்லி மாவைச் சொன்னாள், சிரிப்பு எழுந்தது. வெறும் ஈ நடந்த தாளைக் காட்டினாள், சிரிப்பு அடங்கியது. பிறகு அந்த ஆட்டத்தின் வீடியோவைத் திரை முழுக்க ஓடவிட்டாள். துவரம்பருப்பு அளவில் இருந்தவன் அங்கே யானை அளவில் நின்று கைகளைத் தூக்கி ஆட்டினான். ராகவனுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் தன்னையறியாமல் முன்னால் சாய்ந்தார்.

கேள்வி நேரத்தில் பூனாவிலிருந்து வந்த ஒருவர் எழுந்தார். "உங்கள் தோழி கேட்காமல் இருந்திருந்தால், அந்த முதல் படத்தைத்தான் இன்றைக்கு எங்களுக்குக் காட்டியிருப்பீர்கள், இல்லையா?"

ராகவன் நாற்காலிக் கையைப் பற்றிக்கொண்டான்.

"ஆமாம்" என்றாள் சங்கவி. "காட்டியிருப்பேன். நீங்களும் கைதட்டியிருப்பீர்கள்."

கேட்டவரே முதலில் கைதட்டினார்.

ஜெர்மன் பேராசிரியர் அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. சங்கவியின் ஆய்வேடும் அரை வருஷம் தள்ளிப்போனது. அவள் அதற்காக ஓரிரு நாள் வருத்தப்பட்டாள், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் கருத்தரங்கு நாளன்றே தேநீர் வேளையில் ஹைதராபாத்திலிருந்து வந்திருந்த சுந்தரவல்லி என்ற வேதியியல் விஞ்ஞானி அவளைத் தேடி வந்தார். அந்த இழையில் இருக்கும் வாசனைப் பொருள் எது, பட்டினி கிடந்தால் அதில் எது கூடுகிறது, எது குறைகிறது என்று பார்க்கத் தன்னிடம் கருவி இருக்கிறது; தாள்களைக் குளிர்ச்சி கெடாமல் அனுப்பி வைத்தால் போதும் என்றார்.

அனுப்புவதுதான் பிரச்சினையாக இருந்தது. கூரியர்காரர்கள் யாரும் ஐஸ் பெட்டிக்கு உத்தரவாதம் தர மாட்டோம் என்றார்கள். "எதுக்கு அவங்க? நான் எடுத்துட்டுப் போறேன்" என்றான் ராகவன்.

மார்ச்சில் ஒரு காலை ஹவுராவிலிருந்து செகந்திராபாத் வண்டியில் ஏறினான். வெள்ளைத் தெர்மோகோல் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் வைக்க மனமில்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டான். எதிர் சீட்டில் ஒரு வயதான தம்பதி. ஒடிசாவில் மகள் வீட்டுக்குப் போகிறவர்கள். சாந்த்ராகாச்சி தாண்டியதும் அந்த அம்மாள் பொறுக்கமாட்டாமல் ஹிந்தியில் கேட்டாள், பெட்டியில் என்ன, மருந்தா என்று.

"மருந்து இல்லைம்மா. வெறும் தாள்" என்றான் ராகவன். பிறகு அது சரியான பதில் இல்லை என்று தோன்றியது. பெட்டியை இன்னும் கொஞ்சம் நேராக வைத்துக்கொண்டு, "என் மனைவி சிலந்திகளை ஆராய்ச்சி செய்கிறவள்" என்று ஆரம்பித்தான்.

அந்த அம்மாள் முகத்தைச் சுளித்தாள். அவன் கண்டுகொள்ளவில்லை. கரக்பூர் வந்தபோது பெரியவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டிருந்தார். பாலாசோரில் டீக்காரன் வந்து இரண்டு தடவை கூவியும் யாரும் திரும்பவில்லை. பசித்தவளின் இழையில் கால் வைத்த ஆண் என்ன செய்தது என்று அந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.